டென்ஷனுக்கு மூச்சுப் பயிற்சி: வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு மட்டும்தானா?

7 ஜூலை, காலை 9.20 (ஒரு வாசகர் கேள்வி)

மேலூர்ப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பி.பி. பார்டரில் நிற்கிறது, டென்ஷனைக் குறைங்க என்கிறார் டாக்டர். எப்படிக் குறைப்பது என்று கேட்டால் "தியானம், யோகா, ஏதாவது பண்ணுங்க" என்கிறார். காலை 8 மணிக்குக் கடை திறந்தால் அடைக்க ராத்திரி 9.30. நடுவில் எங்கே உட்கார்ந்து கண்ணை மூடுவது? சிமெண்ட் மூட்டை மேலேயா? இதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்களுக்குக் கண்டுபிடித்தது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொந்த அனுபவத்தோடு மறுக்கவும். யூடியூப் லிங்க் வேண்டாம்.

7 ஜூலை, இரவு 10.45

பாதி மறுக்கிறேன், பாதி ஒத்துக்கொள்கிறேன்.

நான் மதுரை கீழமாசி வீதியிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் 38 கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவன். மளிகை, பாத்திரம், நோட்டுப் புத்தகம், ஒரு ஊதுபத்திக்காரர். மாதத்தில் எனக்கு இரண்டு அமாவாசை. 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஏற வேண்டும், 20ஆம் தேதிக்குள் வரியோடு 3பி என்கிற மாதப் படிவம். தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி. பணம் கடைக்காரருடையது, திட்டு என்னுடையது.

பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிறேன் என்று சொல்வோமே, அது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். போன மார்ச்சில், வருடக் கணக்கு முடிக்கிற வாரத்தில், முறுக்குகூட இல்லை, இட்லி சாப்பிடும்போது கடைவாய்ப்பல் ஒன்று விண்டுபோனது. பல் டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். "எல்லாப் பல்லும் மட்டமாத் தேஞ்சிருக்கு சார். தூக்கத்துல அரைக்கிறீங்க." வயது 46. பல்லுக்கு வயது 70 இருக்கும் போல. ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்க ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார். குத்துச்சண்டைக்காரர்கள் மாட்டுவது போல. கூடவே, "உறை பல்லைத்தான் காப்பாத்தும், உங்களைக் காப்பாத்தாது" என்றும் சொல்லி அனுப்பினார். அன்றைக்குத்தான் மூச்சுப் பக்கம் வந்தேன்.

சிமெண்ட் மூட்டை வேண்டாம், கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்யலாம். 4 எண்ணி இழுங்கள், 7 எண்ணி நிறுத்துங்கள், 8 எண்ணி விடுங்கள். நான்கு சுற்று. ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. எனக்குப் பிடிபட்டது இதுதான். யூடியூபில்தான் கற்றேன், ஆனால் லிங்க் தரவில்லை பாருங்கள்.

8 ஜூலை, காலை 6.05

நேற்று முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேன். வீட்டில் பி.பி. மெஷின் இருக்கிறது. நேற்று வேலை முடித்து வந்ததும் பார்த்தேன், 152/96. மேலே சொன்ன பயிற்சி செய்தேன், அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், மறுபடி பார்த்தேன், 136/88. ஆறே நிமிடம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?

11 ஜூலை, இரவு 11.50

கடைசிக் கடை 11.32க்கு ஏறியது. தூக்கம் வரவில்லை, அதனால் இது.

இன்றைக்கும் மதியச் சாப்பாடு டிபன் கேரியரில் போனபடியே திரும்பி வந்தது. 11, 20 இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்காது. வாய் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டில், "சமையல் பிடிக்கலைன்னா சொல்லிருங்க" என்று ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்க நான் பூனையைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

ஹார்வர்டில் வால்டர் கேனன் என்று ஒருவர். 1890களின் கடைசியில், அப்போதுதான் வந்திருந்த எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு பூனையின் வயிறு சாப்பாட்டை எப்படிப் பிசைகிறது என்று பார்த்தார். பூனை மிரண்டால், கோபப்பட்டால், வயிறு பிசைவதை நிறுத்திவிட்டது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய் 1915இல் எழுதினார்: ஆபத்து என்று பட்டவுடன் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. அட்ரினலின் ஏறும், இதயம் அடித்துக்கொள்ளும், ரத்தம் கை கால் தசைக்குப் பாயும், செரிமானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கும்.

புலி வந்தால் நியாயம்தான். எனக்கு வருவது ஒரு வட்டம். கம்ப்யூட்டர் திரையில் சுற்றிக்கொண்டே இருக்குமே, அது. அதோடு சண்டை போட வழியில்லை, விட்டு ஓடவும் முடியாது. சண்டைக்குக் கிளம்பிய உடம்பை நாற்காலியில் உட்காரவைத்து ராத்திரி 11.32 வரை அடக்கினால் அது பல்லைத்தான் அரைக்கும்.

வழக்கு தள்ளுபடியாகவில்லை. "பூனைக்குத்தான் அப்படி" என்கிறாள்.

12 ஜூலை, மதியம் 2.15

செவிலியராக இருக்கும் ஒருவர் என் 8ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு வகுப்பு எடுத்துவிட்டார். மாடிப்படி ஏறி வந்த கையோடு பார்த்தீர்களா, டீ குடித்திருந்தீர்களா, வாய் பேசிக்கொண்டே பார்த்தீர்களா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் ஆமாம். எங்கள் வீடு இரண்டாவது மாடி.

முறை இதுவாம்: அரை மணி நேரத்துக்கு முன்னால் டீ, காபி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை பார்க்க வேண்டும்.

அதனால் நேற்று முன்தினம் ஒரு சோதனை வைத்தேன். அதே படி, அதே நேரம். வந்ததும் 150/94. மூச்சுப் பயிற்சி எதுவும் இல்லாமல் காலண்டரில் இருக்கும் முருகனைப் பார்த்துக்கொண்டு சும்மா ஆறு நிமிடம். 138/88.

ஆக என் 16 புள்ளி வெற்றியில் 12 புள்ளி முருகனுக்கு, அல்லது நாற்காலிக்கு. 8ஆம் தேதிச் சாட்சியை வாபஸ் வாங்குகிறேன். ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டிருக்கிறார். போடட்டும்.

21 ஜூலை, காலை 7.40

நேற்று 20ஆம் தேதி. 7ஆம் தேதி நான் சொன்னதிலும் பாதியை வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

ராத்திரி 9 மணிக்கு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று வந்தது. சரி, நம் மருந்தை எடுப்போம் என்று 4, 7, 8. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவன், அவசரத்தில் இன்னும் பெரிது பெரிதாக இழுத்து, நிறுத்தி, நான்கு சுற்று போதாதென்று பத்துப் பன்னிரண்டு சுற்று. விரல் நுனியெல்லாம் மரத்து ஊசி குத்துவது போல இருந்தது. உதட்டைச் சுற்றியும் அதே. தலை லேசாகிச் சுற்றியது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். மனைவி தண்ணீர் கொடுத்து, "மொதல்ல அந்த எண்ணுறத நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

இன்று காலை யோசித்தால் காரணம் புரிகிறது. தேவைக்கு மேல் மூச்சை வாங்கி வாங்கித் தள்ளினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். மரப்பும் தலைசுற்றலும் அதனால் வருபவை. பயத்தில் இருக்கிறவன் அதை இன்னொரு ஆபத்து என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக மூச்சு வாங்குவான். நான் வாங்கினேன். தவிர, நாள் முழுக்க எண்களோடு மாரடிக்கிறவனுக்கு மூச்சிலும் எண் கொடுத்தால் எப்படி? ஏழா எட்டா என்பதே ஒரு கணக்காகிவிட்டது, தப்பினால் அபராதம் என்பது போல.

மூச்சை நிறுத்துவதும் எனக்கு ஆகாது என்று இப்போது நினைக்கிறேன். பி.பி. கூடுதலாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள் கும்பகமும் (மூச்சை உள்ளே நிறுத்துவது), மூச்சை வெட்டி வெட்டி வெளியே தள்ளும் வேகமான கபாலபதியும் தானாகச் செய்யக் கூடாது என்று யோகா ஆசிரியர்களே சொல்வார்கள். எனக்கு அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். திருமூலர் கணக்கில் இழுப்பது 16, நிறுத்துவது 64, விடுவது 32. அந்த 64 குருவின் பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறவர்களுக்கு. என்னைப் போன்ற ஆளுக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான், இழுப்பதைப் போல இரண்டு மடங்கு நேரம் விடுவதற்கு. இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை. சந்தேகம் இருந்தால் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டுப் பாருங்கள், பலருக்கு விரலுக்கே தெரியும்.

ஹார்டுவேர் கடைக்காரருக்கு: எண்ணவே வேண்டாம். 11 மணி டீ வருமல்லவா. சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து, டீ தெறிக்காத அளவுக்கு மெதுவாக, நீளமாக ஊதுங்கள். நாலைந்து ஊது. யாரும் தியானம் என்று சந்தேகப்பட மாட்டார்கள்.

23 ஜூலை, இரவு 9.30

டீ யோகா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். "பருத்திப்பாலுக்கும் இது பொருந்துமா" என்று கேட்டவருக்கு, பொருந்தும், அது இன்னும் நேரம் சூடாக இருக்கும்.

ஒரு பின்குறிப்பு. சின்னப் பிள்ளை ஏங்கி ஏங்கி அழுது ஓய்ந்த பிறகு, இரண்டு தடவை உறிஞ்சிவிட்டு ஒரு நீண்ட மூச்சு விடும், பார்த்திருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டில் அதையே பயிற்சியாக்கி, தினம் 5 நிமிடம், ஒரு மாதம் செய்யச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 2023இல் வந்த ஆய்வு. அப்படிச் செய்தவர்களுக்கு, சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனித்தவர்களைவிட மனநிலை கூடுதலாகத் தேறியதாம். எங்கள் அப்பத்தாவோ வீட்டுக்குள் பெருமூச்சு விட்டாலே, "யாரு செத்துட்டான்னு இப்படி விடுற" என்று அதட்டும். மூன்று தலைமுறையாக மூச்சை அடக்கி வளர்ந்த குடும்பம் எங்களுடையது.

27 ஜூலை, ஞாயிறு, காலை 10.00

மூச்சை விட்டு உடம்புக்கு வருகிறேன். கோரிப்பாளையம் சிக்னலில் வண்டியை நிறுத்தியிருந்தபோது ஒன்று கவனித்தேன். வண்டி நிற்கிறது, நான் ஹேண்டில்பாரை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல இறுக்கிப் பிடித்திருக்கிறேன். தோள் இரண்டும் காதைத் தொடுகிற உயரத்தில். எத்தனை வருடமாக அங்கே இருக்கின்றனவோ.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் சொன்ன வழி, தளர்த்து என்று சொன்னால் உடம்புக்குப் புரியாது, முதலில் இறுக்கிக் காட்டு என்பது. ஒரு தசையை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் இறுக்கு, பிறகு விட்டுவிடு. இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அது இருக்கும் இடம் தெரியும். இப்போது சிகப்பு விழுந்தால் கைப்பிடியை நன்றாக நசுக்கிவிட்டு விடுகிறேன், தோளைத் தூக்கிப் போடுகிறேன். பின்னால் நிற்பவர் நான் அவருக்கு ஏதோ சைகை காட்டுகிறேன் என்று நினைத்து ஹாரன் அடிக்கிறார். நீள மூச்சை மட்டும் அங்கே செய்ய வேண்டாம். விட்டதற்குப் பதில் திரும்ப இழுக்க வேண்டியது டீசல் புகை.

மனவளக்கலை மன்றத்தில் ஒரு வருடம் போனேன், முப்பது வயதில். வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியில் கை, கால், மூச்சு, கண் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் படுத்து உடலைத் தளர்த்துவது வரும். மற்றதெல்லாம் மறந்துவிட்டது, அது மட்டும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அதில்தான் குறட்டை விட்டு வெளியே தெரிந்தேன்.

கதை இன்னும் மாறவில்லை. ஜான் கபட்ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் ஆரம்பித்த எட்டு வாரப் பயிற்சியில் ஒன்று உண்டு, படுத்துக்கொண்டு கால் விரலில் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வொரு உறுப்பாகக் கவனித்துக்கொண்டு போவது. முக்கால் மணி நேரம் நடக்கும். நான் இரண்டு வாரமாகச் செய்கிறேன். இதுவரை முழங்காலைத் தாண்டியதில்லை. மகன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, முழங்கால் வந்துருச்சா?" என்று கேட்கிறான். விழிப்போடு இருப்பதுதான் அந்தப் பயிற்சியே என்று விவரம் தெரிந்தவர்கள் எழுத வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தெரியும். ஆனால் அப்படித் தூங்குகிற அரை மணி நேரம் பல் அரைக்கவில்லையாம், பக்கத்தில் இருந்து கேட்டவள் சொல்கிறாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு, மாலை 6.20

மந்திரம் எது வைத்துக்கொள்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எது வேண்டுமானாலும். ஹெர்பர்ட் பென்சன் என்ற இதய மருத்துவர், கேனன் வேலை பார்த்த அதே ஹார்வர்டில், மகேஷ் யோகி வழியில் தியானம் செய்கிறவர்களை உட்காரவைத்து அளந்து பார்த்தார். ஆக்சிஜன் செலவு குறைந்தது, மூச்சு மெதுவானது. கேனன் சொன்ன சண்டை, ஓட்டத்துக்கு நேர் எதிரான நிலை ஒன்றும் உடம்பில் உண்டு என்றார். 1975இல் அதைப் பொதுமக்களுக்கு எழுதியபோது, குறிப்பிட்ட மந்திரம் தேவையில்லை, ஒரு சொல் போதும், ஒவ்வொரு மூச்சு விடும்போதும் அதைச் சொல், நினைப்பு எங்காவது ஓடினால் திட்டாமல் திரும்பி வா, பத்து இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டார்.

நான் முதலில் "அமைதி" என்று வைத்துப் பார்த்தேன். நாலாவது மூச்சில் எங்கள் ஆறாம் வகுப்பு சார் வந்துவிட்டார். பிரம்பால் மேசையைத் தட்டி, "அமைதி! அமைதி!" அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் முதுகு நிமிர்கிறது. "ஓம்" வைத்தால் தெருக்கோடிக் கோயில் ஒலிபெருக்கியோடு சுதி சேரவில்லை. கடைசியில் "சரி". மூச்சு விட விட "சரீ...". நன்றாக இருந்தது. ஒரு வாரம் ஓடியது.

நேற்று மனைவி கேட்டாள், அப்படி என்னதான் முணுமுணுக்கிறீர்கள் என்று. சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னாள்: "எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்றதுதான் உங்க வியாதியே. அதையே மந்திரமா வேற வச்சிக்கிட்டீங்களா?"

அதன் பிறகு தியானம் நடக்கவில்லை.

3 ஆகஸ்ட், இரவு 11.15

யோசித்துப் பார்த்தேன். 38 கடையில் 11 கடை ஒவ்வொரு மாதமும் 18, 19ஆம் தேதியில்தான் பில் கட்டைக் கொடுக்கும். மஞ்சள் பையில் அள்ளிப்போட்டு, பாதி பில்லில் எண்ணெய்க் கறையோடு. "அண்ணே, எப்படியாச்சும் பாத்து விட்ருங்கண்ணே." சரி. ராத்திரி 10 மணிக்குப் போன். "தம்பி, ஒரு பில்லு விட்டுப்போச்சு." சரி அண்ணாச்சி. நான்தான் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும், வாயால்.

ஹார்டுவேர் கடைக்காரரின் முதல் கேள்விக்கு இப்போது கொஞ்சம் அதிகமாகத் தலையாட்டத் தோன்றுகிறது. தலையில் இருக்கும் மூட்டையை இறக்காமல் மூச்சை மட்டும் நீளமாக விடு என்று சொல்வது ஒரு மாதிரி ஏமாற்று வேலைதான். ஆனால் மூச்சு விட உட்காராமல் இருந்திருந்தால் இந்த 11 கடைக் கணக்கை நான் எழுதிப் பார்த்திருக்கவே மாட்டேன் என்பதும் உண்மை.

10 ஆகஸ்ட், ஞாயிறு, இரவு 8.50

நாளை 11. அதனால் இன்று சாயங்காலம் மீனாட்சி கோயிலுக்குப் போய் ஆடி வீதியைச் சுற்றி நடந்தேன். பக்தி கொஞ்சம், மீதி வேறு காரணம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி உள்ளே செல்போன் கூடாது. வெளியே கொடுத்துவிட்டு, டோக்கன் வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

முதல் சுற்றில் மூன்று தடவை தொடையில் போன் அதிர்ந்தது. போன் அங்கே இல்லை. கை தானாகப் பைக்குப் போய் வில்லையைத் தடவிவிட்டு வருகிறது. இரண்டாவது சுற்றில் ஒரு தடவை. மூன்றாவதில் பாதத்துக்கு அடியில் கல்லின் சூடு தெரிந்தது, பகல் வெயில் இன்னும் இறங்காத சூடு. அவ்வளவுதான் நடந்தது. வெளியே வந்து போனை வாங்கினால் 14 தவறிய அழைப்புகள். யாரும் சாகவில்லை.

12 ஆகஸ்ட், காலை 6.30

"கோயிலுக்கு வராதவர்கள் எங்கே போவது" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயம். அவர் காஜிமார் தெருக்காரர். வண்டியூர் தெப்பக்குளம் எல்லாருக்கும் பொது. திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது, ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் கோயில் மாதிரிதான். ஒரே தொந்தரவு, மற்றவர்கள் வைத்துவிட்டு வருவதில்லை. ஒருவர் சட்டைப்பையில் பழைய பாட்டு, அடுத்தவர் கையில் செய்தி விவாதம். நான்கு கரையும் நான்கு அலைவரிசை.

21 ஆகஸ்ட், இரவு 9.10

20 முடிந்தது. ராத்திரி 10.40. சென்ற மாதத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால்.

இடையில் ஓர் அசட்டுத்தனம். எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா மல்லிகை கட்டி விற்பார். கண் பார்க்காமலே விரல் வேலை செய்யும், இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுருக்கு. பார்த்துக்கொண்டே நின்றால் நம் மூச்சும் அந்தத் தாளத்துக்கு வந்துவிடும். தியானம் என்றால் இதுதான், எந்த வகுப்புக்கும் போகாமல் இந்த அம்மாவுக்கு வந்திருக்கிறது என்று இங்கே உருகி எழுத வேண்டுமென்று மனதில் ஒரு பத்தியே தயார் செய்துவிட்டேன். நல்ல வேளை, முதலில் அவரிடம் கேட்டேன். "அக்கா, பூக் கட்டும்போது மனசு லேசா இருக்குமோ?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கழுத்து செத்துப்போகுது தம்பி. அடுத்த வாரம் சதுர்த்தி, பூ வெல ஏறும். இம்புட்டையும் ராத்திரிக்குள்ள கட்டலைன்னா நாளைக்கு வாடிரும், காசு போயிரும். லேசா இருக்குமோங்கிற!" பிறகு ஒரு முழம் அளந்து தலையில் கட்டாத குறையாகக் கையில் திணித்தார்.

அவருக்கும் 20ஆம் தேதி உண்டு, அது தினமும் வருகிறது. ஆனால் ஜேக்கப்சன் வேலையை அவரிடம் சொல்லிக்கொடுத்தேன், தோளைத் தூக்கிக் காதோடு இறுக்கி விடுவது. இரண்டு தடவை செய்துவிட்டு, "இது நல்லாருக்கே" என்றார். மூச்சைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, தைரியம் இல்லை.

30 ஆகஸ்ட், மாலை 5.00

இங்கே இரண்டு மூன்று பேர் "மனஅழுத்தம்" என்று எழுதுவதில் குழப்பம் இருக்கிறது. வேலை நெருக்கடியில் வரும் படபடப்புக்கும் அதே சொல், மாதக்கணக்காக எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, எழுந்து பல் துலக்கவே முடியாமல் கிடக்கும் நிலைக்கும் அதே சொல். இரண்டாவது மனச்சோர்வு. அதற்கு டீயை ஊதச் சொல்வது பாவம். இங்கே ஒருவர் தன் தம்பியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். அது டாக்டர் பார்க்க வேண்டியது. ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416க்குப் போன் செய்தால் எந்நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், இலவசம். அழைத்துக்கொண்டு போங்கள், "கொஞ்சம் மனச மாத்திக்க" என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

இன்னொன்று. எங்கள் பெரியப்பா நெஞ்சு அடைக்கிறது, கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார், காலையிலிருந்து சாயங்காலம் வரை. பிழைத்தார், ஆனால் இதயத்தில் பாதிதான் மிச்சம் என்றார்கள். நெஞ்சை அழுத்தினால், கை தாடைக்கு வலி பரவினால், வேர்த்துக் கொட்டினால் 108. பயிற்சி அப்புறம்.

8 செப்டம்பர், இரவு 10.20

அந்த 11 கடைக்கும் போன வாரம் ஒரே மாதிரி செய்தி அனுப்பினேன். பில் 10ஆம் தேதிக்குள் வர வேண்டும், அதற்கு மேல் வந்தால் தாமதக் கட்டணம் உங்கள் பொறுப்பு, இரவு 8க்கு மேல் போன் எடுக்க மாட்டேன். தட்டச்சு செய்து முடிக்க ஐந்து நிமிடம், அனுப்பும் பொத்தானை அழுத்த மூன்று நாள். அழுத்துவதற்கு முன் நிஜமாகவே டீ ஊதுவது போல ஊதினேன். மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

எட்டுப் பேர் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டு பேர் "சரிண்ணே" என்றார்கள், ஆச்சரியமாக இருந்தது, இதைத்தான் நான் நாலு வருடமாகச் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். ஒருவர் மட்டும், பாத்திரக்கடை அண்ணாச்சி, "பெரிய ஆளாயிட்டீகளோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி அரைத்தேன் போல, காலையில் தாடை வலித்தது. இப்போது மந்திரம் "சரி" இல்லை. "பாப்போம்" என்று மாற்றியிருக்கிறேன். மூச்சு விட வசதியான சொல் இல்லைதான்.

11 செப்டம்பர், இரவு 8.05

முடிந்தது. சோறு இறங்கியது. பூனை வழக்கு சமரசத்தில் இருக்கிறது.

21 செப்டம்பர், ஞாயிறு, காலை 8.30

மேலூர் ஹார்டுவேர் கடைக்காரர் எழுதியிருக்கிறார்: இரண்டு மாதமாக டீ ஊதுகிறாராம், பி.பி. கிட்டத்தட்ட அப்படியேதான், மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் கடைப் பையனைத் திட்டுவது குறைந்திருக்கிறதாம். பையனே சொன்னானாம். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ஊதுவதையும்தான்.

என் பக்கம்: நேற்று 7 மணிக்கே 37 கடையும் ஏறிவிட்டது. பாத்திரக்கடை அண்ணாச்சி 19ஆம் தேதி மஞ்சள் பையோடு வந்து நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாக்குறதுன்னா பாருங்க, இல்லைன்னா விடுங்க." பார்த்தேன். வேறென்ன செய்ய, இருபது வருடப் பழக்கம். ஆனால் 8 மணிக்குப் பிறகு வந்த அவருடைய இரண்டு அழைப்பையும் எடுக்கவில்லை. போனைக் குப்புறப் போட்டுவிட்டுப் பாயில் படுத்தேன். இடுப்பு வரை போனேன், மகன் சாட்சி.

பல் உறையை மாட்டிக்கொண்டுதான் தூங்கினேன். காலையில் தேடினால் வாயில் இல்லை. தலையணைக்கு அடியில் கிடந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.